ஓரம் சுருளாதது

டயல் கேம் உடைந்த மிஷினுக்காக வந்தவன் ஹோல்கர்.
பதினைந்து வேலம்பாளையத்தில் எங்கள் ஷெட்டில்
மூன்று நாள் என்றவன் ஒன்பது நாள் கிடந்தான்.
உதிரிச்சாமான் சென்னைக் கஸ்டம்ஸில் கிடந்தது.
அவன் பெட்டியில் இரண்டு பாட்டில்,
காலுறைக்குள் செருகி, உடையாமல்.

எட்டாம் ராத்திரி, ஷிப்ட் மாறும் நேரம்,
மொட்டைமாடியில் ஒன்றைத் திறந்தான்.
லேபிளில் கொம்பு முறுக்கிய கிடாய்.
"கருப்பராயனுக்கு நேந்துவுட்டதுங்களா?" என்றான் நாட்ராயன்.
ஹோல்கருக்குப் புரியவில்லை. ஆனாலும் சொன்னான்:
வடக்கே ஓர் ஊர், பீருக்குப் பேர்போனது.
தெற்கத்திக்காரர்கள் அந்தப் பேரை
நாக்குப் புரளச் சொல்லிச் சொல்லி
கடைசியில் அது கிடாயாகிவிட்டதாம்.
பாக் என்றால் கிடாய். டாப்பல்பாக், ரெட்டைக் கிடாய்.

நான் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம்.
கழுத்தில் மாலை. பூசத்துக்குப் பன்னிரண்டு நாள்.
வாசம் மட்டும் தொட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தது.
"எப்படீடா இருக்குது?" என்று கேட்டால்
நாட்ராயன் சொன்னது ஒரே சொல்: "நல்லாருக்குதுங்."
இவனை நம்பி ஒரு துணியை செக்கிங் பாஸ் பண்ண முடியுமா?

"அப்ப அந்த ரெட்டை, ரெண்டு மடங்கு ஏறுங்களா?"
அதற்குத்தான் ஹோல்கர் கீழே ஓடினான்.
வேஸ்ட் மூட்டையைக் கிளறி
சிங்கிள் ஜெர்சி ஒரு துண்டு, இன்டர்லாக் ஒரு துண்டு.
சிங்கிளை இழுத்துவிட்டான்,
ஓரம் சுருண்டுகொண்டது, எப்போதும்போல.
இது முதல் பாட்டில், என்றான்.
வறுத்த பார்லி முன்னால் வரும்,
முடியும் இடத்தில் ஹாப்ஸ் பூவின் கசப்பு
இப்படி லேசாகச் சுருட்டி நிற்கும்.
பிறகு அதையே இரண்டாக மடித்து என்னிடம் நீட்டினான்:
இது இன்டர்லாக் ஆகுமா?

பத்தொன்பது வருடம் ஊசி மாற்றியவனிடம் கேட்கிற கேள்வியா.
சிலிண்டரில் ஒரு வரிசை ஊசி, டயலில் ஒரு வரிசை,
ஒன்றின் கண்ணிக்குள் ஒன்று பூட்டிக்கொள்ள
இரண்டு பக்கமும் முகமான துணி அது.
மடித்ததற்கு உள்ளே முதுகு இருக்கிறது.
ரெட்டையும் அப்படித்தான், என்றான். போதை கொஞ்சம்தான் கூட.
தானியம்தான் நிறைய. கசப்பு இருக்கும்,
துணிக்குள் நூல் இருக்கிற மாதிரி, தேடினால்.

"விரதத்துக்கு ஆனது," என்று இரண்டாவதை என் பக்கம் உருட்டினான்.
அவர்கள் ஊர்ச் சாமியார்கள் நோன்பில் ரொட்டி தொடமாட்டார்கள்,
ஆனால் தண்ணீரில் தடையில்லை,
ரொட்டியையே தண்ணீராக்கிக் குடித்தார்களாம்.
"எங்க முருகன் கணக்குல இது செல்லாதுங்க."
அவன் சிரித்தான். திறக்கவில்லை.
"நடந்துட்டு வா, அப்புறம்."

தாராபுரம் தாண்டும்போது இடது குதிகாலில் கொப்புளம்.
முன்னால் காவடி, பின்னால் சிங்கி, நடுவில் நான்,
அரோகரா சொல்லும் வாய்க்குள்
தெரியாத ஒரு ருசியை முடிச்சுப் போட்டுப் பார்த்துக்கொண்டே.
அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன், மலையில்.

திரும்பி வந்தபோது மிஷின் ஓடியது, ஹோல்கர் இல்லை.
ஊசிப்பெட்டி அலமாரியில், எண்ணெய்த் துணி சுற்றி, அது.
மாலை கழற்றிய மறுநாள் திறந்தேன், தனியாக.
நாட்ராயனுக்குச் சொல்லவில்லை.
கருப்பட்டி நிறம். கருகிய ரொட்டித் தோல்,
பேரீச்சை, காய்ச்சிக் காய்ச்சிக் கருத்த பாகு.
பஞ்சாமிர்தம் தின்ற நாக்கு, அதற்கு இனிப்பு புதிதில்லை.
இந்த கனம்தான் புதிது. விழுங்கிய பிறகும் போகாமல்
கசப்பு எங்கே என்று தேடித் தேடி
பாதி பாட்டில் தீர்ந்துவிட்டது.

கீழே இறங்கி, பஞ்சு படிந்த போனைத் துடைத்து,
அங்கே என்ன மணியோ தெரியாது,
ஹோல்கருக்கு ஒரு வரி அனுப்பினேன், தமிழில்தான்,
அவன் பாடு, படித்துக்கொள்ளட்டும்:

ஓரம் சுருளலீங்க.